புள்ளி வைத்த எண்களில் மீதி எடுப்பது எப்படி: நான் பட்ட பாடு நீங்கள் படாமலிருக்க

17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 2. இதில் யாரும் தடுமாறுவதில்லை. நிரல்மொழிகளில் இந்த மீதியை எடுக்கும் % குறியை 5.5-க்கோ 0.1-க்கோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பதில் சொல்லும். சில மொழிகள் பதிலே சொல்லாமல் பிழை காட்டும். இன்னும் சில, எதுவுமே நடக்காத மாதிரி தவறான விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். மூன்றில் மோசமானது அதுதான்.

எனக்கு நேர்ந்தது இது. திரையில் வட்டமான ஒரு அளவுமானி வரைய வேண்டியிருந்தது. கோணத்தை 360-ஆல் வகுத்து மீதி எடுத்து, அந்த மீதியை 30-ஆல் வகுத்து, 12 கட்டங்களில் முள் எதில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பைத்தானில் எழுதினேன், ஓடியது. ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினேன், முள் இடப்பக்கம் திரும்பியதும் கட்டம் காணாமல் போனது. அதைச் சரிசெய்ய இரண்டு இரவு. மூன்று வாரம் கழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பைத்தான் நிரலும் விழுந்தது. அது ஏன் என்று 5-ஆம் படியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை: உங்கள் மொழியின் பதிப்பு எண், அந்த மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் எண்கணிதக் குறிகளுக்கான பக்கம், வரி வரியாக ஓட்டிப் பார்க்க ஒரு கன்சோல். பணச்செலவு இல்லை. நேரம், நிதானமாகச் செய்தால் ஒரு மணி.

1. எந்த மீதி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பள்ளியில் படித்த சூத்திரம்தான்: மீதி = வகுபடும் எண் − வகுத்தி × ஈவு. ஈவு முழு எண்ணாக இருக்க வேண்டும். 5.5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.75 வருகிறது. இதை முழு எண்ணாக்க எந்தப் பக்கம் தள்ளுவது? அந்தக் கேள்விக்கு நான்கு பதில்கள் இருப்பதால் மீதியும் நான்கு வகை.

வெட்டுமுறை: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிவது. மீதிக்கு வகுபடும் எண்ணின் குறியே வரும்.

கீழ்முறை: எப்போதும் கீழே இறக்குவது. −2.75 என்றால் −3 ஆகும். மீதிக்கு வகுத்தியின் குறி வரும்.

யூக்ளிட் முறை: எப்படியாவது மீதி குறை எண்ணாக வராமல் பார்த்துக்கொள்வது.

அண்மை முறை: எது பக்கத்தில் இருக்கிறதோ அந்த முழு எண்ணுக்குப் போவது. 2.75 என்றால் 3, ஆகவே மீதி −0.5. சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் போகும்: 5-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி 1, 7-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி −1. கணினியில் புள்ளி வைத்த எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலை ‘ரிமைண்டர்’ என்று சொல்வது இதைத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கோணம், கடிகாரம், திரையில் சுற்றிச் சுற்றி வரும் பொருள் என்றால் கீழ்முறை அல்லது யூக்ளிட். ‘இந்த எண் அந்த எண்ணின் மடங்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது’ என்று பார்க்க அண்மை முறை. வெட்டுமுறை பல மொழிகளில் தானாகக் கிடைப்பதால்தான் அதிகம் பயன்படுகிறதே தவிர, குறை எண் வரும் இடத்தில் யாரும் அதை விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

2. உங்கள் மொழி எதைத் தருகிறது என்று பாருங்கள்

சி, சி++: % முழு எண்ணுக்கு மட்டுமே. டபுள் (புள்ளி வைத்த எண்களுக்கான வகை) கொடுத்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். வெட்டுமுறைக்கு எஃப்மாட் (fmod) என்ற சார்பு, அண்மை முறைக்கு சி99-இல் வந்த ரிமைண்டர். லினக்ஸில் சி நிரலை ஜிசிசியால் தொகுக்கும்போது கடைசியில் -எல்எம் (-lm, கணித நூலகத்தை இணைக்கச் சொல்வது) சேர்க்காவிட்டால் எஃப்மாட் கிடைக்கவில்லை என்று லிங்கர் புலம்பும். எண்களை நேரடியாக எழுதிச் சோதித்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடுவதால், -எல்எம் இல்லாமலும் ஓடக்கூடும். அப்புறம் மாறிகளை வைத்ததும் பிழை வரும். குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், கோட்லின், ரஸ்ட்: % தசம எண்ணுக்கும் வேலை செய்யும், வெட்டுமுறை. ஜாவாவில் ‘ஃப்ளோர்மாட்’ என்று ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், அது முழு எண்களுக்கானது. ரஸ்டில் யூக்ளிட் முறைக்கு ‘ரெம் யூக்ளிட்’ இருக்கிறது. ஆனால் −5.5 என்று எழுதி அப்படியே புள்ளி வைத்து அதை அழைத்தால், முதலில் 5.5-க்கு மீதி எடுத்துவிட்டு அதற்கப்புறம் மைனஸ் போடும். (−5.5) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

பைத்தான், ரூபி, லுவா, ஆர்: % (ஆரில் %%) கீழ்முறை. பைத்தானில் வெட்டுமுறை வேண்டுமானால் மேத் தொகுப்பில் எஃப்மாட், அண்மை முறைக்கு 3.7 பதிப்பிலிருந்து ரிமைண்டர். எக்செலின் மாட் சார்பும் வகுத்தியின் குறியைத்தான் தரும். டார்ட்டில் % யூக்ளிட் முறை.

கோ, ஸ்விஃப்ட்: % தசமத்துக்குக் கிடையாது. கோ மொழியில் மேத் தொகுப்பின் மாட். ஸ்விஃப்டில் ‘ட்ரங்கேட்டிங் ரிமைண்டர்’ என்று முழ நீளப் பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். என்ன செய்கிறது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

இனி பொறிகள். பிஎச்பியில் % இரண்டு எண்களையும் முதலில் முழு எண்ணாக்கிவிடும். 5.5 % 2 என்றால் 1 வரும், 1.5 அல்ல. 5.5 % 0.5 என்று எழுதினால் வகுத்தி 0 ஆகி, பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று நிரல் நிற்கும். 8.1 பதிப்பிலிருந்து இப்படித் தசமம் தொலையும்போது ஒரு எச்சரிக்கையாவது வருகிறது. தசமத்துக்கு எஃப்மாட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். தரவுத்தளங்களுக்கு வந்தால், எஸ்கியூலைட்டிலும் % இதே மாதிரி இரண்டையும் முழு எண்ணாக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் டபுள் வகைக்கு % இல்லை, நியூமெரிக் வகைக்கு மாற்றினால் கிடைக்கும். மைஎஸ்கியூஎல்லில் தசமத்துக்கும் வேலை செய்யும். ஒரே வினவலைத் தரவுத்தளம் மாற்றி ஓட்டுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

கட்டளைவரியில் பிசி (bc) என்ற கணிப்பானைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் மீதி, ‘ஸ்கேல்’ (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்) எவ்வளவு என்பதைப் பொறுத்தது. -எல் கொடுத்துத் திறந்தால் ஸ்கேல் 20. அப்போது 10 % 3 என்று கேட்டால் 1 வராது, .00000000000000000001 வரும். முதல் தடவை பார்த்தபோது கணினி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஸ்கேலை 0 ஆக்கினால் முழு எண் மீதி ஒழுங்காக வரும்.

வரைகலைக்காரர்களுக்கு: ஜிஎல்எஸ்எல்லின் மாட் கீழ்முறை, எச்எல்எஸ்எல்லின் எஃப்மாட் வெட்டுமுறை. ஷேடரை (வரைகலைக்கான சிறு நிரலை) ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுபோனால், ஆயத்தின் மைனஸ் பக்கத்தில் வடிவம் உடைந்து நிற்கும்.

3. நான்கு வரிச் சோதனை

ஆவணத்தில் ‘மாடுலோ’, ‘ரிமைண்டர்’ என்ற சொற்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு மொழியில் மாடுலோ என்பது இன்னொன்றில் ரிமைண்டர். ‘விடையின் குறி எந்த எண்ணைப் பின்பற்றும்’ என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். அது கிடைக்கவில்லையா, இந்த நான்கையும் இதே வரிசையில் ஓட்டுங்கள்:

5.5, 2
−5.5, 2
5.5, −2
−5.5, −2

1.5, −1.5, 1.5, −1.5 வந்தால் வெட்டுமுறை.
1.5, 0.5, −0.5, −1.5 வந்தால் கீழ்முறை.
1.5, 0.5, 1.5, 0.5 வந்தால் யூக்ளிட்.
−0.5, 0.5, −0.5, 0.5 வந்தால் அண்மை முறை.
1, −1, 1, −1 வந்தால் உங்கள் மொழி சத்தமில்லாமல் தசமத்தை வெட்டிவிட்டது. 2-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டு நிமிடம்தான் ஆகும். முதல் வரியை மட்டும் ஓட்டிவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று போய்விடாதீர்கள். முதல் மூன்று முறைகளும் அதில் ஒரே விடையைத்தான் தரும். நான் செய்த தவறே அதுதான்.

4. 1-ஐ 0.1-ஆல் வகுத்தால் மீதி 0 வராது

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 1 % 0.1 என்று அடியுங்கள். வருவது 0.09999999999999995. 0 வர வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட முழு வகுத்தியும் வந்து நிற்கிறது. பார்த்ததும் எல்லோரும் % குறியைத்தான் திட்டுவார்கள். திட்ட வேண்டிய இடம் அது இல்லை.

0.1 என்று நீங்கள் எழுதியதும், இரும எண்முறையில் அதைச் சரியாக எழுத முடியாமல், கணினி பக்கத்திலிருக்கும் ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறது. அது 0.1000000000000000055511 என்று போகும், அதாவது 0.1-ஐவிட ஒரு மயிரிழை பெரிது. அப்படிப் பெரிதான ஒன்றைப் பத்து தடவை எடுத்தால் 1-ஐத் தாண்டிவிடும். ஆக ஒன்பது தடவைதான் எடுக்க முடியும், மிச்சம் ஏறத்தாழ 0.1. கணக்கு மிகச் சரி. எஃப்மாட் போடும் மீதியில் முழுமையாக்கல் பிழையே இல்லை; தன் கைக்கு வந்த இரண்டு எண்களுக்கு அது தரும் விடை துல்லியமானது. பொய் சொன்னது உள்ளே போன 0.1.

‘அப்படியானால் நானே சூத்திரம் எழுதிக்கொள்கிறேன்’ என்று வகுத்து, கீழே இறக்கி, பெருக்கிக் கழித்தால் என்ன ஆகும்? 1-ஐ 0.1-ஆல் வகுக்கும்போது விடை 10 என்று முழுமையாக்கப்படுகிறது. மீதி 0. ஆகா, வந்துவிட்டது என்று மகிழ்வீர்கள். அடுத்து 0.3-ஐ 0.1-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.9999999999999996. கீழே இறக்கினால் 2, மீதி 0.09999999999999998. ஆக, உங்கள் சூத்திரம் ஒரு எண்ணுக்கு வேலை செய்யும், அடுத்ததற்குச் செய்யாது. பைத்தானில் 1.0 / 0.1 என்றால் 10.0, ஆனால் 1.0 // 0.1 (வகுத்துக் கீழே இறக்குவது) என்றால் 9.0. இரண்டுமே அதனதன் நியாயப்படி சரி.

தீர்வு, எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பணம், எடை, விலைப்பட்டியல் போல இத்தனை இலக்கம்தான் என்று தெரிந்த எண்கள் என்றால் இரண்டு வழி.

முதல் வழி, முழு எண்ணாக்கிக்கொள்வது. இரண்டு தசம இலக்கம் என்றால் இரண்டு எண்களையும் 100-ஆல் பெருக்கி, முழு எண் மீதி எடுத்து, கடைசியில் 100-ஆல் வகுப்பது. பெருக்கியதும் கட்டாயம் ‘ரவுண்ட்’ செய்யுங்கள். நேராக ‘இன்ட்’ ஆக்காதீர்கள்: 0.29 × 100 என்பது கணினிக்கு 28.999999999999996, வெட்டினால் 28 ஆகிவிடும். ஒரு காசு போச்சு.

இரண்டாவது வழி, தசம வகை. பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல். பைத்தானிலும் ஜாவாவிலும் 0.1-ஐ மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுங்கள். ஃப்ளோட்டாக (சாதாரணப் புள்ளி எண்ணாக) கொடுத்தால் அந்த மயிரிழைப் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும். இன்னொரு பொறி இருக்கிறது, என்னைக் கடித்தது: பைத்தானின் டெசிமல் வகையில் % வெட்டுமுறை. ஃப்ளோட்டில் −5.5 % 2 என்றால் 0.5, டெசிமலில் அதே கணக்கு −1.5. வகையை மட்டும்தானே மாற்றினோம் என்று நினைப்பீர்கள், விடையின் குறியும் சேர்ந்து மாறிவிடும். ஃப்ராக்‌ஷன் வகை அப்படி இல்லை, ஃப்ளோட்டைப் போலவே கீழ்முறை.

5. வட்டத்துக்குள் அடைப்பது: என் நிரல் விழுந்த இடம்

கோணத்தை 0 முதல் 360-க்குள் கொண்டுவர வேண்டும், 360 சேரக்கூடாது. வெட்டுமுறை மொழியில் வழக்கமாகச் செய்வது: மீதி எடு, குறை எண்ணாக இருந்தால் 360-ஐக் கூட்டு. பைத்தானின் % உள்ளே செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இப்போது 0.3 − 0.1 − 0.2 என்று கணக்கிடுங்கள். 0 வர வேண்டும். வருவது ஏறத்தாழ −2.8 × 10⁻¹⁷. முள் கொஞ்சம் போய், இரண்டு தவணையாகத் திரும்பி வந்தால் இப்படி ஒரு தூசு மைனஸ் மிஞ்சும். இதோடு 360-ஐக் கூட்டினால் 360-க்கு ஒரு அணு குறைவாக வர வேண்டும். ஆனால் 360-க்கு அருகே டபுள் எண்களுக்கிடையிலான இடைவெளி சுமார் 5.7 × 10⁻¹⁴. அந்த அணுவுக்கு அங்கே இடமில்லை, விடை 360.0 என்று முழுமையாக்கப்படுகிறது. 360-ஐ 30-ஆல் வகுத்தால் 12. என்னிடம் இருந்த கட்டங்கள் 0 முதல் 11 வரை. நிரல் காலி.

ரஸ்டின் ‘ரெம் யூக்ளிட்’ ஆவணத்தில் இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பைத்தான் ஆவணமும் இதைச் சொல்கிறது. நான்தான் படிக்கவில்லை.

சரிசெய்ய ஒரு வரி போதும்: மீதி எடுத்தபின், அது வகுத்திக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் 0 ஆக்கு. மீதி எடுத்து, வகுத்தியைக் கூட்டி, மறுபடி மீதி எடுக்கும் வழி இணையத்தில் நிறையத் தென்படும். அதுவும் 360-ஐ வரவிடாது, ஆனால் 10⁻¹⁷ போன்ற மிகச் சிறிய மிகை எண்களையும் 0 ஆக்கிவிடும். திரையில் முள் வரைய அது பரவாயில்லை. அளவீட்டுக் கணக்குக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

கோணம் ரேடியனில் இருந்தால் வேறொரு சங்கதி. சைன், கொசைன் போடுவதற்கு முன் 2 பை-ஆல் மீதி எடுத்துச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள். நிரலில் இருக்கும் 2 பை, உண்மையான மதிப்பிலிருந்து ஏறத்தாழ 2.4 × 10⁻¹⁶ விலகியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பிழை கூடிக்கொண்டே போகும். நல்ல கணித நூலகங்களின் சைன் சார்பு, இதை நிறைய இலக்கங்கள் வைத்துத் தானே பார்த்துக்கொள்ளும். அப்படியே கொடுத்துவிடுங்கள்.

6. மடங்கா இல்லையா என்று சோதிப்பது

மீதி 0-க்குச் சமமா என்று தசமத்தில் கேட்காதீர்கள். ‘மீதி மிகச் சிறியதா’ என்று கேட்பதும் போதாது, ஏனென்றால் மேலே பார்த்தபடி பிழை வகுத்திக்குப் பக்கத்திலும் வந்து உட்காரும். அண்மை முறைதான் இங்கே கைகொடுக்கும். பைத்தானில் மேத் ரிமைண்டரில் 1.0, 0.1 கொடுத்தால் விடை ஏறத்தாழ −5.55 × 10⁻¹⁷. இதன் மட்டு மதிப்பு, நீங்கள் வைத்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. எல்லையை உங்கள் தரவின் துல்லியத்தை வைத்து முடிவு செய்யுங்கள். யாரோ எழுதிய எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். சி மொழியில் மட்டு மதிப்புக்கு ‘ஏபிஎஸ்’ அல்ல, ‘எஃப்ஏபிஎஸ்’. முன்னது முழு எண்ணுக்கானது, உங்கள் பிழையை 0 ஆக்கி எல்லாவற்றையும் மடங்கு என்று சொல்லிவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் அண்மை முறை இல்லை. வகுத்து, ரவுண்ட் செய்து, பெருக்கிக் கழித்துக்கொள்ளலாம். மிகப் பெரிய ஈவு வராத வரை இந்தச் சோதனைக்கு அது போதும்.

7. ஓரத்துக் கேஸ்கள்

0-ஆல் மீதி எடுத்தால் சி-யின் எஃப்மாட்டிலும், ஜாவா, சி ஷார்ப் டபுளிலும், ஜாவாஸ்கிரிப்டிலும் ‘நேன்’ (எண்ணே இல்லை என்று பொருள்) வரும், நிரல் நிற்காது. பைத்தானில் நிற்கும். நேன் வந்தால் அடுத்தடுத்த கணக்குகளையெல்லாம் தொற்றிக்கொண்டு போகும், ஆகவே வகுத்தியை முன்கூட்டியே சோதியுங்கள். முடிவிலியை வகுத்தாலும் நேன்தான். முடிவிலியால் வகுத்தால் எஃப்மாட் அதே எண்ணைத் திருப்பித் தரும், ஆனால் பைத்தானில் −1.5 % முடிவிலி என்றால் முடிவிலியே வரும்.

ஜாவாஸ்கிரிப்டில் −4 % 2 என்பது −0. ஒப்பிட்டால் 0-க்குச் சமம் என்றே சொல்லும், ஆனால் திரையில் சில இடங்களில் ‘-0’ என்று தலைகாட்டும்.

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுக்க % 1 போடுகிறவர்கள், 3.7 % 1 என்றால் 0.7000000000000002 வரும் என்பதையும், −3.7-க்குப் பைத்தானில் 0.2999999999999998 வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

8. நேரம், செலவு

சாதாரண எண்களுக்கு எஃப்மாட் வேகமானதே. வகுபடும் எண் மிகப் பெரிதாகவும் வகுத்தி மிகச் சிறிதாகவும் இருந்தால், சில நூலகங்களில் அது படிப்படியாகக் கழித்துக்கொண்டே போக வேண்டியிருப்பதால் நேரம் பல மடங்கு ஆகலாம். அப்படிப்பட்ட எண்கள் உங்கள் தரவில் வருமா என்று மட்டும் பாருங்கள். டெசிமல் வகைகள் ஃப்ளோட்டைவிடத் தெளிவாகவே மெதுவானவை. கணக்குப் புத்தகத்துக்கு அது ஒரு பொருட்டல்ல, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடும் நிரலுக்குப் பொருட்டு.

என் நிரலில் இப்போது மீதி எடுக்கும் வேலைக்கென்று ஒரே ஒரு சார்பு இருக்கிறது, வேறு எங்கும் % கிடையாது. அதற்கான சோதனைகள் ஆறு வரி: மேலே சொன்ன நான்கு ஜோடிகள், 0.3 − 0.1 − 0.2 தரும் அந்தத் தூசு, அப்புறம் சரியாக 360.